படிவத்துக்கு விதி எழுதுவோர்

(ஓசூரில் சிறுதொழில் நடத்துவோரும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



எழுபதாயிரம் ரூபாய் பெறுமான ஒரு வண்டிச் சரக்கு ஓசூரிலிருந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பொறுத்து அதனோடு போகவேண்டிய காகிதம் மாறிவிடுகிறது என்பது, தினந்தோறும் அந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு நான் வந்து சொல்லித் தெரியவேண்டிய சங்கதியன்று. கிருஷ்ணகிரிக்கு விற்று அனுப்பினால், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஈ-வே பில் தேவை என்ற ஏற்பாடு 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து நடைமுறையில் இருப்பதால், இன்வாய்ஸோடு மட்டும் வண்டி போய்விடலாம். அதே சரக்கு ஜூஜூவாடியைக் கடந்து, பக்கத்திலேயே இருக்கும் அத்திப்பள்ளிக்குப் போவதானால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 50,000 ரூபாயே வரம்பு என்பதால், ஈ-வே பில் இல்லாமல் அது கேட்டைத் தாண்டக்கூடாது. விற்பனையே இல்லாமல், லேத்தில் கடைந்த ஷாஃப்டுகளுக்கு முலாம் பூசி வாங்கிவருவதற்காகப் பொம்மசந்திராவில் இருக்கும் ஒரு பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக அனுப்பினாலோ, சரக்கின் பெறுமானம் மூவாயிரம் ரூபாயே ஆனாலும் ஈ-வே பில் கட்டாயம். ஏனெனில் எல்லை கடந்து ஜாப் ஒர்க்குக்குப் போகும் பொருளுக்குச் சட்டம் எந்தக் கீழ்வரம்பையும் வைக்கவில்லை.

இந்த நியாயங்கள் நம்முடைய பட்டறைகளில் எங்கே குடியிருக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் டிஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருடைய ஞாபகத்தில்தான் குடியிருக்கின்றன. அவர் இருக்கும் நாளில் எல்லாம் கிரமமாக நடக்கிறது. அவர் சந்திரசூடேசுவரர் தேருக்கு விடுப்பு எடுத்துக்கொண்ட நாளில், போன வாரம் சேர்ந்த பையன் டெலிவரி சலான் (டி.சி.) போடுகிறான், கம்ப்யூட்டரில் இருக்கும் படிவம் அவன் கொடுத்ததையெல்லாம் மறுவார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது, வண்டி புறப்பட்டுப் போய் நடுவழியில் நிற்கிறது. அந்த ஞாபகத்தைப் படிவத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஆனால் அதைச் செய்யும் முறையைக் காட்டிலும், அதைச் செய்கிறவர் தம்மை அறியாமலே சட்டம் இயற்றும் ஸ்தானத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்பதே என்னை அதிகமாகச் சிந்திக்கவைத்தது; ஆகவே என் பேச்சு அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வரும் வரையில், நம் எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டப்படி வாங்குகிறவர் கொடுக்கவேண்டிய சி-படிவம் வந்ததா, வரவில்லையா என்று விற்றவர்கள் மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. சாவடியில் காத்துக்கிடந்த லாரிகளை நினைத்து யாரும் ஏங்கப்போவதில்லை, நானும் ஏங்கவில்லை. ஆனாலும் அங்கே காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்தவர் ஒரு மனிதர். “ஐயா, இது விற்பனைக்குப் போகிற சரக்கல்ல, ரிப்பேருக்குப் போகிறது” என்று டிரைவர் சொன்னால், அதைக் காதில் வாங்கிக்கொள்வதும் வாங்கிக்கொள்ளாததும் அவருடைய இஷ்டம் என்றாலும், வாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு காது இருந்தது. சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு, பறக்கும் படையினர் வழியில் நிறுத்திப் பார்ப்பது இன்றும் உண்டு என்றாலும், பரிசோதனையின் பெரும்பகுதி வண்டி புறப்படுவதற்கு முன்பே படிவத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. படிவத்துக்கு நாமாகப் பார்த்து வைத்தால்தான் காது.

இணையப் படிவம் பிறந்த கதையை இங்கே விஸ்தரிக்க அவகாசமில்லை. எச்.டி.எம்.எல். மொழியின் இரண்டாம் பதிப்பு 1995-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தபோது, கட்டங்களை நிரப்பி அனுப்பும் படிவமும் அந்த மொழியின் முறையான அங்கமாக இருந்தது. அந்தப் படிவம் தானாக ஒன்றையும் யோசிக்காது. நிரப்பியதைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பி, அங்கே பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பி வரும் வரையில், டெலிபோன் கம்பி வழியாக ஊர்ந்துவரும் பதிலுக்காக மனிதர்கள் காத்திருந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கியதுதான் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்ற மொழி. இன்றைக்கு அது என்னென்னவோ அற்புதங்களைச் செய்கிறதென்றாலும், அக்காலத்தில் அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, அனுப்புவதற்கு முன்பே நிறுத்துவது. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் எச்.டி.எம்.எல். மொழியின் ஐந்தாம் பதிப்பு அதிகாரபூர்வமாக வெளிவந்தபோது, ‘இந்தக் கட்டம் கட்டாயம்’, ‘இந்த வடிவில்தான் எழுத்துகள் வரவேண்டும்’ என்பவற்றை ஸ்கிரிப்ட் எதுவும் எழுதாமலே அறிவித்துவிடும் வசதியும் அந்த மொழியில் இடம்பெற்றிருந்தது. அறிவித்தால் போதும், எழுதவேண்டியதில்லை என்ற இந்த வேறுபாட்டைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உடையவரே மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய படிவம் என்பது இதற்கு அடுத்த கட்டம். சென்னையில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் நடந்துவந்த காலத்திலேயே, 2006-இல், ஜோஹோ கிரியேட்டர் என்ற ஒன்றை வெளியிட்டது. கட்டங்களை இழுத்து வைத்துப் படிவத்தை அமைப்பது, பிறகு அது திறக்கும்போதும், ஒரு கட்டம் மாறும்போதும், சேமிக்கும் முன்பும், சேமித்த பின்பும் என்ன நடக்கவேண்டும் என்பதை டெலூஜ் என்னும் சிறிய மொழியில் எழுதுவது என்பது அதன் ஏற்பாடு. பம்பாயில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் வேறொரு வழியில் வந்தது. அது கட்டற்ற மென்பொருள். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், உரிமக் கட்டணம் இல்லாமல் தம்முடைய கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் இந்த மண்ணில் கால் ஊன்றிய 1980-களிலிருந்து அவற்றைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளுக்கு, அந்தப் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் விலையுயர்ந்த மென்பொருள்கள் என்றைக்குமே எட்டாத கனியாக இருந்தன. ஆதலால் நான் உதாரணங்களை ஈ.ஆர்.பி.நெக்ஸ்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன், எட்டக்கூடியதைப் பற்றிப் பேசுவதுதான் பிரயோஜனம்.

இதில் ‘கஸ்டமைஸ் ஃபார்ம்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய், டி.சி. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கலாம், வேண்டாத கட்டத்தை மறைக்கலாம், ஒன்றைக் கட்டாயமாக்கலாம், கட்டத்தின் தலைப்பைத் தமிழிலோ கன்னடத்திலோ மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்யும் மாற்றங்கள் மூலப் படிவத்தைத் தொடுவதில்லை. தனியே ஏட்டில் குறித்து வைக்கப்பட்டு, படிவம் திறக்கும்போது அதன்மேல் பொருத்தப்படுகின்றன. ஆகவே மென்பொருளின் புதிய பதிப்பு வந்து மூலம் மாறினாலும் உங்கள் கட்டங்கள் அழிந்துபோவதில்லை. இதோடு ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று ஒரு சௌகரியமும் உண்டு: ஒரு கட்டம் எந்த நிலைமையில் தெரியவேண்டும், எந்த நிலைமையில் கட்டாயமாகவேண்டும் என்பதை ஒற்றை வரி நிபந்தனையாக எழுதிவிடலாம். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும்போது மட்டும் ‘என்ன வேலை’ என்ற கட்டம் தெரிந்தால் போதும். விற்பனைக்கு அது எதற்கு? ஒரு கட்டத்தை மறைத்துவிட்டு அதையே கட்டாயமும் ஆக்க முயன்றால், முன்கூட்டியே ஒரு மதிப்பைக் கொடுத்து வைக்காதவரை, இந்த மென்பொருள் சம்மதிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நிரப்பவில்லை என்று ஒருவரைத் தண்டிக்கலாகாது என்ற எளிய நீதியை மென்பொருளே அறிந்திருக்கிறது. மனிதர் எழுதும் சட்டங்களில்கூட இது எப்போதும் காணப்படுவதில்லை.

நிபந்தனையை அறிவிப்பதோடு காரியம் முடியுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என்னுடைய முதல் விண்ணப்பம். இளைஞர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதில் இருக்கும் உற்சாகம் எனக்குத் தெரியும். ஆனால் அறிவிப்பாக இருக்கும் விதியைப் பட்டறை முதலாளியே திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. ஸ்கிரிப்டாக எழுதப்பட்ட விதி எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் ஊமையாகிவிடுகிறது.

ஆனாலும் அறிவிப்புக்கு அடங்காத காரியங்கள் உண்டு. முதலில் சொன்ன முலாம் பூசும் ஷாஃப்டுக்கே திரும்புவோம். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் இதற்குப் பயன்படுவது ‘ஸ்டாக் என்ட்ரி’ என்னும் படிவம். அதன் நோக்கம் என்ற கட்டத்தில் ‘வெளி வேலைக்காரருக்கு அனுப்புதல்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஜி.எஸ்.டி. சம்பந்தமான பெரும்பாலான வேலைகளை ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற தனிச் செயலி கவனித்துக்கொள்வதால், நாம் எழுதவேண்டியது எஞ்சியதை மட்டுமே. ஓர் இளைஞரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? பெறுகிறவருடைய ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்ப்பார். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். நோக்கம் ஜாப் ஒர்க்காகவும் எண் 29-ஆகவும் இருந்தால் ஈ-வே பில் கேள் என்று நாலு வரி எழுதிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார். மறுநாள் எல்லைக்கு அப்பால், ஜி.எஸ்.டி. பதிவே செய்துகொள்ளாத ஒரு சிறிய முலாம் பட்டறைக்குச் சரக்குப் போகிறது. அவருக்கு ஜி.எஸ்.டி. எண் கிடையாது, கட்டம் காலி, காலியான கட்டம் 29-க்குச் சமமில்லை, ஆகவே படிவம் வாய்திறக்கவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தில் அனுப்புகிறவரே ஈ-வே பில் எடுத்தாகவேண்டும் என்பதால், விதி எங்கே மிகமிக அவசியமோ அங்கேதான் அது மௌனமாகிவிட்டது. எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக முகவரியில் உள்ள மாநிலத்தைப் பார்த்திருந்தால் இந்த விபத்து இல்லை. இதைத் தெரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் தேவையில்லை. டிஸ்பாட்ச் மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும்.

இதோடு மற்றொரு விதியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் பதினைந்து எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? முதல் இரண்டும் மாநிலம், அடுத்த பத்தும் பான் எண், பதின்மூன்றாவது அதே பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது, பதினான்காவது வழக்கமாக ‘இஸட்’, பதினைந்தாவது மட்டும் முந்தியவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவிக்கப்பட்ட காவல் எழுத்து. முதல் பதினான்கு எழுத்துகளுக்கும் 0 முதல் 35 வரை மதிப்புக் கொடுத்து, மாறிமாறி ஒன்றாலும் இரண்டாலும் பெருக்கி, ஒவ்வொரு பெருக்கத்தையும் 36-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டி, எல்லாவற்றையும் சேர்த்த தொகையை மறுபடி 36-ஆல் வகுத்த மீதியை 36-லிருந்து கழித்தால் அந்த எழுத்து கிடைக்கும். கழித்தது 36-ஆகவே வந்தால் பூச்சியம். ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் இந்தக் கணக்கு நிச்சயமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலும் அநேகமாகக் காட்டிக்கொடுக்கும். இங்கே படிவம் ஈவிரக்கமின்றி நிறுத்தலாம். கணக்குக்கு ஒவ்வாத எண் எவருடைய எண்ணாகவும் இருக்கமுடியாது. அதற்குச் சமாதானம் சொல்லவும் வழியில்லை.

ஆனால் வரி எந்த வகை என்பது இப்படிப்பட்ட கணக்கல்ல. பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனி உங்களிடம் பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறது, சரக்கை மட்டும் சிப்காட் தொழிற்பேட்டையில் உங்களுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் வேறொரு தொழிற்சாலையில் இறக்கிவிடச் சொல்கிறது. சரக்கு ஓசூரை விட்டு அசையவேயில்லை. சரக்குப் போய்ச் சேரும் முகவரி தமிழ்நாட்டிலிருந்தால், மாநிலத்துக்குள் விற்பதற்குரிய சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் போடு, வேறு எதையும் ஏற்காதே என்று நம் இளைஞர் விதி எழுதி வைத்திருந்தால், படிவம் வெகு நிச்சயத்தோடு தவறு செய்கிறது. ஏனென்றால் 2017-ஆம் ஆண்டின் ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் பத்தாம் பிரிவு, மூன்றாமவர் ஒருவருடைய சொற்படி சரக்கு வேறிடத்தில் ஒப்படைக்கப்பட்டால், அந்த மூன்றாமவர் முக்கியமாகத் தொழில் நடத்தும் இடத்துக்கே சரக்குப் போனதாகக் கொள்ளவேண்டும் என்கிறது. ஆகவே இது கர்நாடகத்துக்குச் செய்த விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி.தான் போடவேண்டும். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் தொழிற்சாலைக்கு விற்றாலும் இதே கதை: அதன் எண் 33 என்றே தொடங்கினாலும், சட்டத்தின் கண்ணில் அது மாநிலத்துக்கு வெளியே விற்றதாகும். தவறான வரியைக் கட்டியவர் சரியான வரியை மறுபடியும் கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திருப்பித் தரும்படி விண்ணப்பம் போட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டும். வட்டி கேட்கமாட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இந்த இரண்டு உதாரணங்களுக்கும் நடுவில்தான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டுக்கு அடித்தளமான ஃப்ராப்பேயில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இரண்டு கட்டளைகள் கைவசம் இருக்கின்றன. ‘த்ரோ’ என்பது படிவத்தை அங்கேயே நிறுத்தி, சேமிக்கவிடாமல் செய்துவிடும். ‘மெசேஜ் பிரிண்ட்’ என்பது இன்ன இடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று திரையில் சொல்லிவிட்டு மேலே போகவிடும். எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே உழைப்புத்தான். மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். காவல் எழுத்துப் போன்ற கணக்கு விஷயங்களுக்கு முதல் கட்டளை; மனிதர் தீர்மானிக்கவேண்டிய விஷயங்களுக்கு இரண்டாவது, அதோடு ‘ஏன் மீறினீர்’ என்று காரணம் எழுத ஒரு கட்டம். நான் பார்த்த அளவில், பத்து இளைஞர்களில் ஒன்பது பேர் எல்லாவற்றுக்கும் முதல் கட்டளையையே போடுகிறார்கள். நிறுத்துவதில் ஓர் அதிகார சுகம் இருக்கிறது.

நிறுத்தப்பட்ட மனிதர் என்ன செய்கிறார் என்பதை அவர்கள் நின்று பார்ப்பதில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, வாங்குகிறவரிடமிருந்து மணிக்கு ஒரு போன் வருகிறது, படிவமோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று பிடிவாதம் பிடிக்கிறது. அந்த நிர்ப்பந்தத்தில் எவரும் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பிவிட்டுத்தான் போவார். காரணம் கேட்கும் கட்டங்களில் ஒற்றைப் புள்ளியும், டெலிபோன் எண் கேட்கும் கட்டங்களில் பத்து ஒன்பதும் நிறைந்து கிடப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இவற்றிலும் விபரீதமானது வண்டி எண். டி.சி. போடும் வேளையில் எந்த டெம்போ வரப்போகிறதென்று பாதி நாட்களில் யாருக்கும் தெரியாது. வண்டி எண்ணைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தவர் நேற்று வந்த டெம்போவின் எண்ணை அடித்துவிட்டு, இன்றைய வண்டி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார், மாற்ற மறந்துபோகிறார், அந்தப் பொய் எண் ஈ-வே பில்லிலும் ஏறி, வழியில் பிடிபட்டால் அபராதத்தில் கொண்டுபோய் விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது. ஈ-வே பில்லை முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, சரக்கின் விவரத்தை முதலில் பதிந்துகொள்ளவும், வண்டி எண்ணைப் பதினைந்து நாட்களுக்குள் பிறகு சேர்க்கவும் அது இடம் வைத்திருக்கிறது. சர்க்கார் கொடுத்த அவகாசத்தை நம்முடைய ஸ்கிரிப்ட் எழுதுபவர் ஒரே வரியில் பறித்துவிட்டார்! டி.சி.யைச் சேமிக்கும்போது வண்டி எண்ணைக் கேட்காமல், கேட் பாஸ் போடும்போது கேட்டிருந்தால், வண்டி கண்முன்னே நிற்கும். பொய் சொல்ல ஒருவருக்கும் அவசியமிராது. விதி சரியா என்பதைப் போலவே, அது எந்தத் தருணத்தில் கேட்கிறது என்பதும் முக்கியம்.

இனி, எழுதிய விதி எங்கே வசிக்கிறது என்பது. ‘கிளையன்ட் ஸ்கிரிப்ட்’ என்பது படிவத்தைத் திறந்தவருடைய பிரவுசரில் ஓடுவது. கட்டம் மாறிய மறுகணமே பதில் சொல்வதற்கு அதைப் போன்ற உபாயம் வேறில்லை. ஆனால் ஸ்டோர்ஸில் இருப்பவர் இருநூறு வரிகளை எக்ஸெலிலிருந்து ஒரே மூச்சில் ஏற்றும்போதும், வேறொரு செயலி நேரே சர்வரோடு பேசிப் பதிவு செய்யும்போதும், அங்கே படிவம் திறக்கப்படுவதேயில்லை. ஆகவே அந்த ஸ்கிரிப்ட் ஓடுவதுமில்லை. முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததாக ஆகிவிடும். நிறுத்தியே தீரவேண்டிய விதிகளைச் சர்வரில்தான் எழுதவேண்டும். ‘சேமிக்கும் முன்’ என்ற தருணத்தைத் தேர்ந்தெடுத்து எழுதினால், பதிவு எந்த வழியாக வந்தாலும் அது பரிசோதிக்கப்படும். பிரவுசரில் இருப்பது மரியாதைக்காக. சர்வரில் இருப்பது பாதுகாப்புக்காக. இரண்டையும் எழுதுவது இரட்டை வேலையல்லவா என்று கேட்பவர்களுக்கு, ஆம், இரட்டை வேலைதான் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடமில்லை.

எண்களை ஸ்கிரிப்டுக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மின்-இன்வாய்ஸ் எடுக்கவேண்டியவர் யார் என்பதற்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாயாகத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று, மூன்றாண்டு முடிவதற்குள் ஐந்து தடவை இறங்கிவிட்டது. இந்த எண்ணை ஸ்கிரிப்டின் பதினேழாவது வரியில் எழுதி வைத்திருந்தவர், ஒவ்வொரு முறையும் எழுதியவரைத் தேடிப் போகவேண்டியிருந்திருக்கும். அமைப்புப் பக்கம் ஒன்றில் தனிக் கட்டமாக அதை வைத்து, ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தால், ஆடிட்டர் போனில் சொன்ன அன்றைக்கே கணக்குப்பிள்ளை மாற்றிவிட்டுப் போயிருப்பார். ஈ-வே பில்லின் ஆயுளும் அப்படித்தான்: ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்தது 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டர் ஆயிற்று.

படிவத்தை யாருமே திறந்திராத வேளையிலும் விழித்திருக்கவேண்டிய விதிகள் சில உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள்ளும், இயந்திரம் முதலிய மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்பி வராவிட்டால், கமிஷனர் அவகாசத்தை நீட்டித்துக் கொடுத்தாலொழிய, அனுப்பிய தேதியிலேயே விற்றுவிட்டதாகச் சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு கருதிவிடும். இதை நினைவூட்ட, தினமும் இரவில் தானே ஓடி, பதினோராவது மாதத்தை எட்டிவிட்ட டி.சி.களைப் பொறுக்கி எடுத்துக் காலையில் முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதலாம். எழுதும்போது, அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் ஆகியவற்றுக்கு இந்தக் காலவரம்பே கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். மறந்தால், பெங்களூரில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு டையைப் பற்றியும் தினசரி ஓர் அபாய அறிவிப்பு வரும். பத்தாவது நாளில் அந்த மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பதினோராவது நாளில் வரும் உண்மையான அறிவிப்பும் அதோடு போய்விடும்.

கடைசியாக, விதி எழுதுகிறவர்கள் பாதுகாக்கவேண்டிய ஏடு ஒன்று உண்டு. மென்பொருள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஃப்ராப்பேயில் ‘கஸ்டம் ஸ்கிரிப்ட்’ என்றிருந்தது பதின்மூன்றாம் பதிப்பில் ‘கிளையன்ட் ஸ்கிரிப்ட்’ என்று பெயர் மாறிற்று. பதினைந்தாம் பதிப்பில் சர்வர் ஸ்கிரிப்டை நிர்வாகி தாமே போய் இயக்கி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது அணைந்தே இருக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். எவர் வேண்டுமானாலும் சர்வருக்குள் கட்டளை எழுதிவிடுவது ஆபத்து என்ற எண்ணத்தில் செய்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பதிப்பை உயர்த்திவிட்டு, நம்முடைய விதிகள் எல்லாம் பழையபடி காவல் காக்கின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவரை அது காப்பாற்றாது. ஆகவே ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும், யார் கேட்டு, எந்தச் சட்டப் பிரிவுக்காக, எந்தத் தேதியில் எழுதியது, எப்போது எடுத்துவிடலாம் என்று தமிழிலேயே குறித்து வையுங்கள். பதிப்பை உயர்த்துவதற்கு முன்னால், ஒரு சோதனைத் தளத்தில் புதிய பதிப்பை நிறுவி, கிருஷ்ணகிரிக்குப் போன டி.சி. ஒன்று, அத்திப்பள்ளிக்குப் போனது ஒன்று, எண்ணில்லாத முலாம் பட்டறைக்குப் போனது ஒன்று, பெங்களூர்க் கம்பெனி சொல்லிச் சிப்காட்டிலேயே இறக்கியதற்கான இன்வாய்ஸ் ஒன்று என்று, உங்களை முன்பு அவஸ்தைப்படுத்திய சரக்குகளையே மறுபடி பதிந்து பாருங்கள். அதைச் செய்யும்போது ஸ்கிரிப்ட் எழுதியவர் தனியாக உட்காரவேண்டாம். டிஸ்பாட்ச் மேஜைக்காரரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு தடையையும் அவர் படித்துவிட்டு, “இதற்கு நான் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டால், அந்த வாசகத்தை அங்கேயே திருத்தி எழுதுங்கள்.